வாய்விட்டுச் சொல்லும் வேலை: பிரிட்டன் மருத்துவமனைகளில் இந்திய நர்ஸ்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூலையில் நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில், ஆஷ்ஃபோர்ட் தொகுதியில் 1997 முதல் எம்.பி.யாக இருந்த டேமியன் கிரீனைத் தோற்கடித்தவர் ஒரு மனநல நர்ஸ். பெயர் சோஜன் ஜோசப், சொந்த ஊர் கேரளத்தின் கோட்டயம் பக்கம். நான்கு மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற நர்ஸ்கள் அமைப்பு தன் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. 1916-ல் தொடங்கி, இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு அது. வென்றவர் பிஜோய் செபாஸ்டியன். கேரளத்தில் படித்து, 2011-ல் பிரிட்டனுக்குப் போய், அடிப்படை நிலையான பேண்ட் 5 ஸ்டாஃப் நர்ஸாக வேலையைத் தொடங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸாக உயர்ந்தவர். வெளிநாட்டில் நர்சிங் படித்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை.

இந்த இரண்டு செய்திகளும் வந்தபோது நம் பத்திரிகைகளில் வழக்கமான சொற்களே வந்தன: கடின உழைப்பு, தியாகம், சேவை மனப்பான்மை. உழைப்பில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கடினமாக உழைத்தும் ஆங்கிலத் தேர்வைத் தாண்ட முடியாமல் ஊரிலேயே நின்றவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தும் பத்து வருடம் பேண்ட் 5-லேயே இருப்பவர்களும் ஏராளம். அவர்களுக்கும் வென்றவர்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்திய நர்ஸின் கைக்கு வேலை தெரியும். பிரிட்டன் முறை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பது, கை செய்வதை வாயால் சொல்லவும் தாளில் எழுதவும் முடிகிறதா என்பதை. தடுக்கி விழுகிற இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன.

பின்னணி

இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-ல் டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. மிஷன் மருத்துவமனைகள் வழியாக இந்தத் தொழில் கேரளக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேர்விட்டது. வளைகுடா நாடுகள் முதல் வாசலாக இருந்தன. கேரளப் பிள்ளைகளில் பலர் படித்தது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் உள்ள கல்லூரிகளில் என்பதால், இந்தக் கதையில் நம் ஊர்களுக்கும் பங்கு உண்டு. வெளியே தள்ளிய காரணங்களும் கொஞ்சமல்ல. தனியார் மருத்துவமனைகளில் சொற்பச் சம்பளம், இரண்டு மூன்று வருட பாண்ட், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம். 2011-12-ல் டெல்லி, மும்பை, கேரளம் என்று நர்ஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதனால்தான்.

பிரிட்டனில் வெளிநாட்டு நர்ஸ்கள் என்றால் நீண்ட காலம் பிலிப்பைன்ஸ்தான் முதலிடம். இன்று அந்த இடம் இந்தியாவுக்கு. இந்த மாற்றத்துக்குப் பின்னால் இரண்டு நடைமுறை மாற்றங்கள் இருக்கின்றன. 2014 அக்டோபர் வரை, வெளிநாட்டு நர்ஸ் அங்கே போய்ப் பல்கலைக்கழகம் வழியாகப் பயிற்சியும் மேற்பார்வையில் பணியும் முடித்த பிறகே பதிவு பெற முடியும். அந்த இடங்கள் கிடைப்பதே அரிது. 2014-ல் அதை எடுத்துவிட்டு இரண்டு தேர்வுகளைக் கொண்டுவந்தார்கள்: இந்தியாவிலேயே எழுதக்கூடிய கணினித் தேர்வு ஒன்று, பிரிட்டனில் செய்து காட்டும் தேர்வு ஒன்று. இரண்டாவது மாற்றம் ஆங்கிலத் தேர்வில். 2017 நவம்பரில், பொது ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். தவிர, மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வையும் ஏற்றார்கள். 2018 டிசம்பரில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதிக்கு மட்டும் 7-ஐ 6.5 ஆக்கினார்கள். அரை மதிப்பெண்தான், ஆனால் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வாங்கிவிட்டு எழுத்தில் 6.5-ல் மாட்டிக்கொண்டிருந்த பெரும் கூட்டத்துக்கு அது கதவைத் திறந்தது.

முதல் தடை: ஒரு கடிதம்

இன்றைய கணக்கு இது. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் படித்தல், கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஓ.இ.டி. என்றால் மூன்றிலும் பி கிரேடு, அதாவது 350 மதிப்பெண், எழுத்தில் சி பிளஸ், அதாவது 300. ஒரே முறையில் எல்லாம் வராவிட்டால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சில குறைந்தபட்ச விதிகளோடு சேர்த்துக் காட்டலாம். நர்ஸ்களில் பலர் ஓ.இ.டி. பக்கம் போவதற்குக் காரணம், அதில் கேள்விகள் வார்டைப் பற்றியவை. பொதுக் கட்டுரை எழுத வேண்டியதில்லை, நோயாளியைப் பற்றி ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அந்தக் கடிதத்தில்தான் சிக்கல். 5 நிமிடம் கேஸ் குறிப்புகளைப் படிக்க, 40 நிமிடம் எழுத. 180 முதல் 200 சொற்கள் போதுமானவை. மதிப்பிடும் அளவுகோல் ஆறு: கடிதத்தின் நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், தொனி, ஒழுங்கு, மொழி. நம் ஊர்ப் பயிற்சி மையங்கள் ஆறாவதான மொழியில், அதாவது இலக்கணத்தில், மூன்று மாதம் செலவழிக்கின்றன. மதிப்பெண் போவதோ முதல் மூன்றில்.

நடப்பது இப்படி. நோயாளி இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் சமுதாய நர்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும். குறிப்பில் அவருடைய சிறு வயதுக் குடல்வால் அறுவை உண்டு, மனைவி இறந்த வருடம் உண்டு, முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை பி.பி. அளவுகளும் உண்டு. நம் பிள்ளை எல்லாவற்றையும் எழுதுகிறார். விட்டால் தப்பாகிவிடுமோ என்ற பயம். நர்சிங் கல்லூரியில் கேஸ் ஸ்டடி நோட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு மதிப்பெண் என்று பழகிய கை அது. ஆனால் கடிதம் வாங்குகிற நர்ஸுக்கு வேண்டியது: என்ன அறுவை, எப்போது, தையல் எந்தத் தேதியில் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க என்ன ஊசி எத்தனை நாள், வீட்டில் தனியாக இருப்பதால் விழும் ஆபத்து. குடல்வால் வேண்டாம். மனைவி இறந்ததை எழுதலாம், ஆனால் ‘தனியாக இருக்கிறார், உதவி தேவை’ என்ற பொருளில் மட்டும். எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். இறுதிப் பத்தியில் முதல்முறையாக அது வந்தால், மொழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நோக்கத்துக்கான மதிப்பெண் குறையும்.

பயிற்சிக்கு ஒரு எளிய வழி: குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘இது தெரியாவிட்டால் அவர் என்ன தவறு செய்வார்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். இருபது கடிதம் இப்படிச் செய்தால் கை பழகும்.

காகித வேலை

பிரிட்டனில் பதிவு தருவது என்.எம்.சி. எனப்படும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் (நம் ஊரில் என்.எம்.சி. என்றால் தேசிய மருத்துவ ஆணையம், குழப்பிக்கொள்ள வேண்டாம்). செலவு இவ்வளவு: கணினித் தேர்வு 83 பவுண்டு, தகுதி மதிப்பீடு 140, செய்முறைத் தேர்வு 794, பதிவு 153. கூட்டினால் 1,170. பல மருத்துவமனைகள் இதில் பெரும்பகுதியைத் தாங்களே கொடுக்கும் அல்லது திருப்பித் தரும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், கட்டும் நாளில் கவுன்சிலின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கணினித் தேர்வில் இரண்டு பகுதி. கணக்குப் பகுதியில் 15 கேள்விகளுக்கு அரை மணி நேரம். நர்சிங் பகுதியில் 100 கேள்விகளுக்கு இரண்டரை மணி நேரம். மருந்துக் கணக்கு நமக்குத் தெரிந்ததே. 50 மி.கி. மருந்து 5 மி.லி.யில் இருக்கிறது, 75 மி.கி. கொடுக்க வேண்டும் என்றால் 7.5 மி.லி. ஒரு லிட்டர் டிரிப் 8 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125 மி.லி. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. தவறு நடப்பது மைக்ரோகிராமிலும் மில்லிகிராமிலும். 0.125 மி.கி. டிகாக்சின் என்பது 125 மைக்ரோகிராம். பிரிட்டனில் மைக்ரோகிராமையும் இன்சுலின் யூனிட்டையும் சுருக்கி எழுதவே கூடாது, முழுச் சொல்லாக எழுத வேண்டும். யூனிட்டுக்கு ஆங்கில ‘யு’ மட்டும் போட்டால், அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து பத்து மடங்கு இன்சுலின் போய்விடும்.

காகித வேலையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா, நர்சிங் கவுன்சில் பதிவில் கவிதா எஸ்., பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி கவிதா செல்வராஜ், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரும் சேர்ந்தால் நான்காவது ஒன்று. தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போகும். முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எல்லா விண்ணப்பங்களிலும் போடுங்கள். மற்ற சான்றிதழ்களுக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வையுங்கள். மாநில நர்சிங் கவுன்சிலில் இருந்து நன்னடத்தைச் சரிபார்ப்பு நேரடியாக லண்டனுக்குப் போக வேண்டும், கையில் வாங்கி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். இதற்கு ஆகும் நாட்களைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள்தான் விசா தேதியை நெருக்கிப்பிடித்துக்கொண்டு தவிக்கிறார்கள்.

ஏஜென்ட் பற்றி ஒரு சொல். பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை தேடும் நர்ஸிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. ‘ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வாங்கித் தர இத்தனை லட்சம்’ என்று ஒருவர் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். மருத்துவமனை செலவழித்த தொகையை, இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் வேறு விஷயம். அது சட்டப்படி இருக்கலாம். ஆனால் எந்தெந்தச் செலவு, எவ்வளவு, மாதம் போகப் போக எப்படிக் குறையும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

பத்து நிலையங்கள்

அங்கே இறங்கிய பிறகு வருவது ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய தேர்வு முறை இது. வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் முயற்சி, 8 மாதத்துக்குள் தேர்ச்சி. ஒரு விண்ணப்பத்தில் மூன்று முயற்சிகள். மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் பத்து நிலையங்கள், அதாவது ஒவ்வொன்றாகச் செய்து காட்டும் பத்து சோதனைகள்: மதிப்பிடு, திட்டமிடு, செய், ஒப்படை என்று ஒரே நோயாளியைப் பின்தொடரும் நான்கு, செய்முறைத் திறன்கள் நான்கு, பேசாமல் எழுதும் இரண்டு. ஏழு நிலையங்கள் வரை தவறினால் அவற்றை மட்டும் 397 பவுண்டில் திரும்பச் செய்யலாம். எட்டோ அதற்கு மேலோ போனால் முழுத் தேர்வும் முழுக் கட்டணமும்.

பத்து வருட ஐ.சி.யு. அனுபவம் உள்ளவர்கள் இதில் தவறுவதும், படிப்பு முடித்து ஒரு வருடமே ஆனவர்கள் முதல் முயற்சியில் தேறுவதும் சாதாரணமாக நடக்கிறது. அனுபவம் உள்ளவரின் கை வேகமானது. நோயாளியின் கையில் உள்ள பட்டையைப் பார்த்துவிடுவார், மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்துவிடுவார், எல்லாம் ஒரே பார்வையில். எதிரே மதிப்பெண் தாளோடு இருப்பவருக்கு அவர் எதையும் பார்த்ததாகவே தெரியாது. பயிற்சி வார்டில் தினமும் கேட்கிற உரையாடல் இது:

“அக்கா, அலர்ஜி பார்த்தேனே!”

“எப்ப பார்த்த?”

“மனசுக்குள்ள படிச்சேன்.”

“மனசுக்குள்ள படிச்சா யாரும்மா மார்க் போடுவா? வாயைத் திறந்து சொல்லு.”

மதிப்பிடும் நிலையத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு நிலை, உடல் பரிசோதனை என்ற ஐந்து படி வரிசையில் நோயாளியைப் பார்த்து, அளவுகளை எடுத்து, நியூஸ்-2 எனப்படும் எச்சரிக்கை மதிப்பெண் போட வேண்டும். 2012-ல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்டு, 2017-ல் திருத்திய அட்டவணை அது. இப்படி ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்வோம்: மூச்சு நிமிடத்துக்கு 22, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் 95, தனியாக ஆக்சிஜன் வைக்கவில்லை, பி.பி. மேல் அளவு 108, பல்ஸ் 104, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ், தெளிவாகப் பேசுகிறார்.

நம் வார்டுப் பழக்கத்தில் இவரைப் பார்த்தால் ‘லேசான காய்ச்சல், டோலோ கொடு, பார்ப்போம்’ என்று தோன்றும். பி.பி. 108 நமக்கு நார்மல். அட்டவணையில் போட்டால்: மூச்சு 21 முதல் 24 வரை 2, சாச்சுரேஷன் 94-95-க்கு 1, பி.பி. 101 முதல் 110 வரை 1, பல்ஸ் 91 முதல் 110 வரை 1, காய்ச்சல் 38.1 முதல் 39 வரை 1. மொத்தம் 6. ஐந்தைத் தொட்டாலே மணிக்கொரு முறை அளவெடுக்க வேண்டும், டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டும், செப்சிஸ் (தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) இருக்குமோ என்று யோசிக்க வேண்டும். எந்த ஒரு அளவும் தனியாகப் பயமுறுத்தவில்லை. ஐந்து சின்ன விலகல்கள் சேர்ந்து பேசுகின்றன. இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த அட்டவணையே. இங்கே அதிகம் நடக்கும் தவறு, கூட்டல் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லாமல் நிற்பது. இன்னொன்று, மூச்சை எண்ணாமல் 18 என்று எழுதுவது. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அட்டவணையில் மூச்சு எண்ணிக்கைக்கே 3 புள்ளிகள் வரை விழலாம்.

மருந்து கொடுக்கும் நிலையத்தில் பொறி வைத்திருக்கலாம். மருந்து அட்டையின் மேல் மூலையில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று இருக்கும். நடுவில் டாக்டர் கோ-அமாக்சிக்ளாவ் எழுதியிருப்பார். அது பெனிசிலின் குடும்பம். கொடுத்தால் நிலையம் போச்சு. கொடுக்காமல் சும்மா தாண்டிப் போனாலும் போதாது. ஏன் கொடுக்கவில்லை என்று நோயாளியிடம் சொல்லி, அட்டையில் அதற்கான குறியீட்டைப் போட்டு, காரணம் எழுதி, டாக்டருக்குத் தகவல் சொல்வதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘டாக்டர் எழுதியதை நான் எப்படி நிறுத்துவது?’ என்று தயங்கிப் பழகிய நமக்கு, இது மருந்துக் கேள்வியே அல்ல, பணிவுக்கும் பொறுப்புக்கும் நடுவே ஒரு கேள்வி.

செய்முறைத் திறன்களில் கையின் பழைய பழக்கமே எதிரி. ஊசி போட்டதும் மூடியை இரண்டு கையாலும் மாட்டுவது நம் ஊரில் பலருக்கும் அனிச்சையாகிவிட்டது. அங்கே அது தேர்ச்சியைக் கெடுக்கும். ஊசியைப் பக்கத்திலேயே உள்ள மஞ்சள் டப்பாவில் அப்படியே போட வேண்டும். முழங்கைக்குக் கீழே வளையல், வாட்ச், கல் வைத்த மோதிரம் எதுவும் கூடாது. காயத்துக்கு மருந்து கட்டும்போது, காயத்தையோ காயத்தைத் தொடப்போகும் பொருளின் முனையையோ கைபடாமல் காக்க வேண்டும். முனை ஒருமுறை தட்டின் விளிம்பில் பட்டுவிட்டால், ‘இது அசுத்தமாகிவிட்டது, வேறு எடுக்கிறேன்’ என்று சொல்லி மாற்றினால் மன்னிப்பு உண்டு, மறைத்தால் கிடையாது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும்போது 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. அழுத்தத் தெரியும் எல்லோருக்கும். உதவிக்குக் கத்துவதற்கும், 2222 எண்ணைக் கூப்பிடச் சொல்லி எந்த வார்டு என்று சொல்வதற்கும் மறந்துபோகிறார்கள்.

எழுதும் இரண்டு நிலையங்களில் ஒன்று தொழில்நெறி பற்றியது. உடன் வேலை செய்பவர் மருந்து டிராலியிலிருந்து மாத்திரை எடுத்துப் பையில் போடுவதைப் பார்க்கிறீர்கள், என்ன செய்வீர்கள்? ‘தனியாகக் கூப்பிட்டு அன்பாக எடுத்துச் சொல்வேன், மறுபடி செய்தால் மேலே சொல்வேன்’ என்பது நம் மனசாட்சிக்கு நியாயமான பதில். அங்கே தவறான பதில். மேலாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், சம்பவ அறிக்கை எழுத வேண்டும், நோயாளிகளுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் மோசமாகக் கைவிடப்பட்டதைப் பற்றி ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. தெரிந்தவர்கள் பேசாமலிருந்ததும், பேசியவர்களின் குரல் கேட்கப்படாததும் அதன் மையம். 2014-ல், தவறு நடந்தால் நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமையானது. வாயைத் திற என்று அங்கே இவ்வளவு வற்புறுத்துவது வெறும் தேர்வுச் சடங்கல்ல.

பின் நம்பர் வந்த பிறகு

தேர்ச்சி பெற்றால் பின் எனப்படும் பதிவு எண் வரும், நீலச் சீருடை வரும், சம்பளம் பேண்ட் 5-க்கு ஏறும். 2025-26 கணக்கில் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 31,049 பவுண்டில் தொடங்கி 37,796 வரை. லண்டனின் உட்பகுதியில் இதற்கு மேல் 20 சதவீதம் படி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்திய அனுபவத்தைச் சம்பளப் படிநிலைக்குக் கணக்கில் எடுப்பது வேலை தருபவரின் விருப்பம். கேட்காதவர்களை அடிப்படையிலேயே போட்டுவிடுவதுண்டு. வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, அனுபவச் சான்றிதழோடு எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்பது கஷ்டம்.

முதல் ஆறு மாதம் மனதைச் சோர வைக்கும். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போட்டவர், அங்கே அந்த மருத்துவமனையின் பயிற்சியும் கையொப்பமும் வாங்கும்வரை போட முடியாது. நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கூட இருக்கும் உறவினர் வேலை. அங்கே உறவினர் வார்டில் தங்குவதில்லை, அது நர்ஸும் உதவியாளரும் செய்வது. படித்த படிப்புக்கு இறக்கம் என்று சிலர் குமைகிறார்கள். ஆனால் குளிப்பாட்டும்போதுதான் இடுப்பில் தொடங்கும் படுக்கைப் புண்ணும், தொடையில் உள்ள பழைய காயமும், ‘ராத்திரி தூக்கமே வரலம்மா’ என்ற பேச்சும் வெளியே வருகின்றன. அதைத் தாளில் ஏற்றத் தெரிந்த நர்ஸை வார்டு சீக்கிரம் கவனிக்கும்.

டாக்டரைப் பெயர் சொல்லி அழைப்பதும் கூச்சம். அதைவிடப் பெரியது இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பும் தயக்கம். ‘சார், பேஷண்ட் கொஞ்சம் சரியில்ல’ என்றால் அவர் வரமாட்டார். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நான் கேட்பது என்ற நான்கு வரிசையில் சொன்னால் வருவார்: ‘ஆறாம் படுக்கை, நியூஸ் 6, ஒரு மணி நேரம் முன்னால் 3, இரண்டு நாள் முன் குடல் அறுவை, செப்சிஸ் என்று நினைக்கிறேன், அரை மணிக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.’ ஆஸ்கியில் ஒப்படைக்கும் நிலையத்தில் சோதிப்பதும் இதே வரிசையைத்தான். கடைசி வாக்கியத்தை விட்டுவிடுபவர்கள் அதிகம். என்ன வேண்டும் என்று கேட்காமல் நிலைமையை மட்டும் சொல்லிவிட்டு, மறுமுனை தானே புரிந்துகொள்ளும் என்று நிற்பது.

பேண்ட் 6: இரண்டாவது சுவர்

ஒரே வார்டில் ஒரே வருடம் சேர்ந்த இரண்டு பேரில், அங்கே படித்தவர் மூன்று வருடத்தில் அடுத்த படியான பேண்ட் 6 ஆகிறார், நம்மவர் ஏழு வருடமாகியும் விண்ணப்பிக்கவே இல்லை. இதில் பாகுபாட்டுக்குப் பங்கு உண்டு. 2015 முதல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை ஆண்டுதோறும் வெளியிடும் இன சமத்துவக் கணக்கே, மேல்நிலைப் பதவிகளில் வெள்ளையர் அல்லாதோர் குறைவாக இருப்பதையும், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் வெள்ளையர் தேர்வாகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. அதைச் சங்கம் வழியாக எதிர்க்க வேண்டும். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் தலைவராக 2024-ல் தேர்வானவர் அதே பேண்ட் 5-லிருந்து ஏறி வந்தவர் என்பது அதனால்தான் முக்கியம். கூடவே நம் கையில் இருக்கும் பகுதியும் ஒன்று உண்டு. அது விண்ணப்பத்தில் எழுதும் ஆதரவுக் குறிப்பு.

பதவிக்கான தகுதிப் பட்டியலில் ‘கட்டாயம்’, ‘விரும்பத்தக்கது’ என்று இரண்டு வரிசைகள் இருக்கும். விண்ணப்பத்தைப் படிப்பவர் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை, நீங்கள் அதே வார்டில் அவர் கண்முன்னே தினமும் செய்தாலும் சரி. நம்மவர் எழுதுவது: ‘நான் கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவள், எந்தச் சூழலையும் சமாளிப்பேன்.’ பட்டியலில் ‘தரமேம்பாட்டு அனுபவம்’ என்று கேட்டிருந்தால் இதற்குப் பூஜ்யம். எழுத வேண்டியது, எடுத்துக்காட்டாக, இப்படி: ‘எங்கள் வார்டில் 20 நீர்ச்சமநிலை அட்டைகளை (நோயாளிக்கு உள்ளே போன, வெளியே வந்த நீரின் கணக்கு) தணிக்கை செய்தேன். 9-ல் இரவு மொத்தம் போடப்படவில்லை. இரவு ஒப்படைப்பில் அதைச் சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்த்தோம். ஆறு வாரம் கழித்து மறுபடி 20 அட்டைகளைப் பார்த்தபோது 3-ல் மட்டுமே விடுபட்டிருந்தது.’ நிலைமை, என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு. நேர்முகத்திலும் இதே வரிசை. ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசிப் பழகிய நமக்கு ‘நான் செய்தேன்’ என்பது தற்பெருமையாகப் படும். எதிரே இருப்பவர் அதைத்தான் கேட்கிறார்.

இதற்கான பொருள் முதல் நாளிலிருந்து சேர வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணி நேரப் பணி, 35 மணி நேரப் பயிற்சி (அதில் 20 மணி மற்றவர்களோடு சேர்ந்தது), ஐந்து பின்னூட்டங்கள், ஐந்து சிந்தனைக் குறிப்புகள் காட்ட வேண்டும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து ஐந்தையும் ஜோடிப்பவர்களுக்கு அது வெறும் படிவம். நடந்த வாரமே நோட்டில் பத்து வரி எழுதி வைப்பவர்களுக்கு அதுவே பேண்ட் 6 நேர்முகத்தின் பதில்கள்.

இப்போது கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். 2024-க்குப் பிறகு வெளிநாட்டு நர்ஸ்களுக்கான வேலைவாய்ப்பு அங்கே வேகமாகச் சுருங்கியிருக்கிறது. படிப்பு முடித்த உள்ளூர் நர்ஸ்களுக்கே வார்டுகளில் இடம் கிடைக்காத நிலை பல ஊர்களில். பராமரிப்புப் பணியாளர் விசாவில் போய் அங்கிருந்து நர்ஸ் பதிவு வாங்கிவிடலாம் என்ற பழைய குறுக்குவழிக்கு 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. இன்னமும் அந்த வழியைக் காட்டிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நர்ஸுக்கான நேர்வழி திறந்துதான் இருக்கிறது, ஆனால் மருத்துவமனை பெயரோடு எழுத்தில் வேலைக் கடிதம் வந்த பிறகே ஊரில் உள்ள வேலையை விட வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் நம் வார்டிலேயே தொடங்கிவிடலாம்: மூச்சை முழு நிமிடம் எண்ணுவது, மருந்து கொடுக்கும்போது பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியையே சொல்லச் சொல்வது, டியூட்டி மாற்றும்போது அந்த நான்கு வரிசையில் ஒப்படைப்பது.